தீக்கு முதுகு காட்டி உட்கார ஆள் வேண்டும்

ஆப்பிரிக்காபர்னுக்கு முதன்முறையாகக் கிளம்பும் கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் ஆப்பிரிக்காபர்ன் விழாவுக்காக டாங்க்வா கரூ என்ற வறண்ட பாலைவெளிக்குப் போக நம் ஆட்கள் முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அந்த வெட்டவெளியில் தமிழ்க் குரல் காதில் விழுவதே அபூர்வம். ஆனால் கூடவே குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த விளம்பரத்தையும் பார்த்தேன். ஆளுக்கு ஒரு தொகை கட்டினால் போதுமாம். கூடாரம் அடித்துத் தயாராக இருக்கும், ஜெனரேட்டர் ஓடும், மூன்று வேளையும் சாப்பாடு, பாத்திரம் கழுவவும் குப்பை அள்ளவும் இரண்டு உதவியாளர்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்க வேண்டியதுதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ‘சூப்பர்ணே’, ‘டன்’, ‘ஃபேமிலியோட வரலாமா?’

அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். குழுவிலேயே எழுதியிருக்கலாம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போயிருக்கும். அதோடு, இதே யோசனையில் நம்மவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

போகிற இடம் என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள். 1986-இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் எட்டடி உயரத்தில் ஒரு மர மனிதனைச் செய்து கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். கடற்கரையில் இருந்தவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் உருவமும் வளர்ந்தது, கூட்டமும் வளர்ந்தது. 1990-இல் அங்கே எரிக்கக் கூடாது என்று காவலர்கள் தடுத்துவிட, அந்த மனிதனை நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். இன்றைக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடுகிற பர்னிங் மேன் அதுதான். அதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் செய்தால் என்ன என்று பல நாட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். டெக்ஸாஸில் ஃப்ளிப்சைடு, நியூசிலாந்தில் கிவிபர்ன், ஸ்பெயினில் நோவேர். (நோவேர் நடந்தது கொளுத்தும் கோடையில், அரகோன் பொட்டல்வெளியில். காட்டுத்தீ பயத்தால் அங்கே உருவம் எதையும் எரிக்கவில்லை. எரிக்காத ஒரு பர்ன்!) இப்படி ஆங்காங்கே முளைத்த கூட்டங்களுக்கு வழிகாட்டியாக 2004-இல் ஹார்வி பத்துக் கொள்கைகளை எழுதிக் கொடுத்தார்: எல்லாரும் பங்கெடு, சும்மா கொடு, விற்காதே, தடயம் விடாதே என்கிற மாதிரி. அவர் 2018-இல் காலமாகிவிட்டார். அந்தப் பத்தை இன்னும் எல்லா இடத்திலும் ஒப்பிக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஆப்பிரிக்காபர்ன் 2007-இல் சுமார் ஆயிரம் பேரோடு தொடங்கியது. பிறகு பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை. 2022-இல் க்வாகாஃபொன்டெய்ன் என்ற புதிய பண்ணை நிலத்தில் மீண்டும் கூடியது. நடத்துவது லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வாசலில் வரவேற்பவர், ஊரைச் சுற்றிவந்து பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர், வாரக்கணக்கில் முன்னதாகவே போய் ஊரைக் கட்டி எழுப்புபவர், எல்லாரும் போன பிறகு வாரக்கணக்கில் தங்கித் தரையைப் பொறுக்குபவர் என்று மற்ற வேலைகளில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள்தான் தோளில் சுமக்கிறார்கள். ஹார்வியின் பத்தோடு இவர்கள் பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ராபன் தீவுச் சிறையில் அரசியல் கைதிகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்ட நாட்களில் புழங்கிய வாசகம் அது. நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் அந்தப் பதினொன்றாவதைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தீக்கு வருவோம். படங்களில் நீங்கள் பார்த்து மயங்கியதும் அதைத்தானே?

பின்னக்ரிங் என்று சொல்கிற நடு மைதானத்தில் மரத்தில் கட்டிய உருவங்கள் நிற்கும். கோபுரம், மீன், கப்பல், வீடு, பெயரே வைக்க முடியாத ஏதோ ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு நண்பர் கூட்டமோ குடும்பமோ மாதக்கணக்கில் எங்கோ ஒரு கொட்டகையில் செய்து, லாரியில் ஏற்றி, டாங்க்வாவில் வந்து பூட்டியிருப்பார்கள். அமைப்பு கொஞ்சம் நிதி தரும். மீதிக்கு அவர்களே கையேந்தித் திரட்டுவார்கள். அந்த உருவங்களுக்குள் ஏறலாம், உட்காரலாம், எழுதலாம், தூங்கலாம். ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்த எதையும் நான் பார்த்ததில்லை. நடுநாயகமாக நிற்பது கிளான் என்ற உருவம். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியத்தைப் பார்த்து உருவானது. ஒரே உடம்பில் பல மனிதர்கள் பின்னிக் கிடப்பது போலிருக்கும். கடைசி நாட்களில் கிளானும் இன்னும் பல உருவங்களும் எரியும். எரிப்பதற்கென்றே ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவது நமக்குப் புதிதல்ல, கார்த்திகைச் சொக்கப்பனைக்கு மட்டை சுமந்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

எரிக்கும் இரவில் என்ன நடக்கிறது தெரியுமா? முதலில், ஒன்றுமே நடக்காது. காத்திருப்பீர்கள். டாங்க்வாவில் காற்று சொன்னபடி கேட்காது. எட்டு மணி என்று சொன்னது பத்தாகும், பத்து மறுநாளாகும். பல மாதம் உழைத்தவர்கள் கையில் பந்தத்தோடு நிற்க, தீக்கு முடிவெடுக்கும் ஆள் விரலை ஈரப்படுத்திக் காற்றில் காட்டி, பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டுவார். (கருவியும் உண்டு. ஆனாலும் விரலைக் காட்டுவார்.) அதற்கு முன்பே உருவத்தின் உயரத்தையும் காற்றையும் பார்த்துச் சுற்றிலும் ஒரு பெரிய வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தின் விளிம்பில் சில அடிக்கு ஒருவராகத் தன்னார்வலர்கள் உட்காருவார்கள். கூட்டத்தைப் பார்த்து உட்காருவார்கள். தீ அவர்களுக்கு முதுகுப் பக்கம்.

அந்த வட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதுகில் சூடு ஏறும், முன்னால் மே மாதத்து கரூ குளிர் முழங்காலைக் கடிக்கும். எதிரே பல ஆயிரம் பேரின் முகம் முதலில் இருட்டாக இருக்கும், அப்புறம் மெல்ல மஞ்சளாகும், மரம் நன்றாகப் பிடித்துக்கொண்டதும் பல்வரிசை கூடத் தெரியும். நாம் பார்க்க வேண்டியது அந்த முகங்களைத்தான். எந்தக் குழந்தை அப்பா கையை உதறுகிறது, யார் கம்பளியில் பொறி விழுந்தது, போதையில் இருக்கும் எந்த இளைஞனுடைய கண் கூட்டத்தை விட்டு நேரே தீயிலேயே குத்தி நிற்கிறது. கடைசியாகச் சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. 2017-இல் நெவாடாவில் ஒருவர் காவல் வட்டத்தைப் பிளந்துகொண்டு எரியும் மர மனிதனுக்குள் ஓடி, காயங்களால் இறந்துபோனார். தடுக்கப் பாய்ந்தவர்கள் இருந்தும் அது நடந்தது.

பின்னால் ஏதோ ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்கும். கூட்டம் ஓவென்று கத்தும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும், பிடித்து வைக்க வேண்டும். எல்லாம் விழுந்து அடங்கி, வட்டத்தைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்த பிறகு மொத்த சனமும் தணலைச் சுற்றி நடக்கத் தொடங்கும். அப்போது எழுந்து திரும்பினால் உங்களுக்கு மிச்சமிருப்பது சிவந்த குவியல். உருவம் எரிந்ததை உங்கள் நண்பர்தான் போனில் காட்டுவார். இந்த வேலையைச் செய்தால் ஒரு ரூபாய் கிடையாது. டிக்கெட் காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள்தான் இதையும் செய்கிறார்கள்.

மறுநாள் காலை இன்னொரு கூட்டம் வரும். சாம்பலைச் சலிக்க. நீளக் குச்சியில் காந்தப் பட்டை கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு சின்னக் கோபுரத்தில் எத்தனை ஆணி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். திருகாணி, கீல், கம்பித் துண்டு, அடிக்கும்போது வளைந்ததென்று யாரோ வீசிய ஆணி எல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து, காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வரும். கையுறையால் வழித்து வாளியில் போட்டுவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். கரியையும் அள்ள வேண்டும், அடியில் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடச் சரியாகக் காணாத பூமி அது. வண்டிச் சக்கரத் தடம் ஒன்று விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாது. ஆணி ஒன்று மண்ணுக்குள் போய்விட்டால் அடுத்த முறை வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளையின் பாதத்தில்தான் வெளியே வரும்.

இப்போது அந்த விளம்பரத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

காசு நம்முடையது, சௌகரியமாக இருந்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். வேறு எந்த விழாவாக இருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இங்கே விற்பனை கிடையாது. காசு கொடுத்து வாங்கக் கிடைப்பது ஐஸ் கட்டி மட்டும். பண்டமாற்று நடக்கும் என்று நினைத்துப் பாசிமணி மூட்டையோடு வருகிறவர்கள் உண்டு, அதுவும் கிடையாது. ஒருவர் உங்களுக்குக் காலையில் தோசை மாதிரி ஒரு பான்கேக் சுட்டுத் தருவார், பெயர்கூடக் கேட்க மாட்டார், அடுத்த ஆளுக்கு மாவை ஊற்றப் போய்விடுவார். பதிலுக்கு என்ன தருவது என்று நீங்கள் தடுமாறுவதைப் பார்த்தால் சிரிப்பார். அப்படி ஓர் ஊரில், முழுக்கக் காசுக்கு வாங்கிய ஒரு முகாமைக் கொண்டுபோய் நடுவில் வைத்தால், நாம் அங்கே இருந்தும் இல்லாதவர்கள். மற்றவர்கள் கட்டியதைப் பார்ப்போம், கொடுத்ததைச் சாப்பிடுவோம், படம் எடுப்போம், வருவோம். அங்கிருப்பவர்கள் யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாம் போன பிறகு பேசிக்கொள்வார்கள்.

இதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு நெஞ்சில் குத்துவது அந்த ‘இரண்டு உதவியாளர்கள்’ என்ற வரி.

அவர்கள் யார் என்று விளம்பரத்தில் போடவில்லை. போட வேண்டியதில்லை, இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்த நமக்குத் தெரியாதா? போகிற வழியில் இருக்கிற சீரிஸ் ஊரின் பழத்தோட்டங்களில் பறிப்பு முடிந்து அடுத்த கூலி தேடிக்கொண்டிருக்கும் ஓர் அக்காவாக இருப்பார், ஒரு தம்பியாக இருப்பார். பெரிய கம்பெனி முதலாளியும் கல்லூரிப் பையனும் ஒரே தூசியில் உட்கார்ந்து அவரவர் தட்டை அவரவர் துடைத்துக்கொள்கிற இடம் அது. அந்த ஊரில் வேலைக்காரர் என்று இரண்டே பேர் இருந்து, அவர்கள் நம் கூடாரத்தில் இருந்தால் எப்படி இருக்கும்? அவர்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம், இரவில் சுற்றிப் பார்க்கட்டுமே என்று சொல்லாதீர்கள். முப்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தை, குழாய் இல்லாத இடத்தில், அளந்து வைத்த தண்ணீரில் கழுவி முடிக்கும்போது எந்த இரவு மிச்சமிருக்கும்?

ஆப்பிரிக்காபர்னில் வெள்ளைக்காரர்களே அதிகம் என்ற விமர்சனம் வெகுநாளாக இருக்கிறது. சரியான விமர்சனம்தான். டிக்கெட், வண்டி, ஒரு வாரத் தண்ணீர், சாப்பாடு, விடுப்பு எல்லாம் சேர்ந்தால் இந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாத செலவு. வசதியில்லாதவர்களுக்கென்று விலை குறைத்த டிக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். இடைவெளி அதனால் மட்டும் அடைந்துவிடாது. நம் மாதிரி ஆட்கள் முப்பது பேர் போய் நிற்பது அந்த வகையில் நல்ல காரியம். ஆனால் போய் நிற்கும்போது கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் பார்ப்பார்கள் அல்லவா?

நாம் விசா வாங்கி விமானத்தில் வந்தவர்கள். நமக்கு முன்னால் வந்தவர்கள் 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் துறையில் இறங்கினார்கள், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து அப்படி வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. தீ மிதிக்க வரும். டர்பன் கேட்டோ மேனரில் இருக்கிற அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டிப் பூக்குழி இறங்குகிறார்கள். தோட்டத்துக் கூலிக்கு அந்த நாட்களில் விடுமுறை கிடைத்தது, அதனால் அம்மன் திருவிழாக்களும் ஈஸ்டரோடு ஒட்டிக்கொண்டன. போன ஆண்டு மாதிரியே இந்த ஆண்டும் டாங்க்வாவுக்கு முன்னால் அது வந்துவிடும், முடிந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். மிதிக்கிறவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் குழி ஓரம் நிற்கிறவர்களைப் பாருங்கள். விறகு இறக்கியவர்கள், நீளக் கம்பில் தணலைப் பரப்பிச் சமன் செய்கிறவர்கள், கடைசி ஆள் கரையேறும்வரை கண் எடுக்காமல் நிற்கிறவர்கள். அனலில் கண் சிவந்து, சட்டை ஒட்டிப்போய் இருப்பார்கள். அந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

டாங்க்வாவில் தீக்குப் பக்தி கிடையாது, வேண்டுதல் கிடையாது, இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவன் வேண்டிக்கொண்டு இறங்குகிறான், இன்னொருவன் கட்டினதைக் கொளுத்திவிட்டு ஆடுகிறான். ஆனால் இரண்டு இடத்திலும் அந்தத் தீ பத்திரமாக எரிந்து அணைவதற்கு ஒரு கூட்டம் சும்மா வந்து உடம்பைக் கொடுக்கிறது. அந்தக் கூட்டம் பெரிதாக இருந்தால்தான் விழா நிற்கும்.

பேக்கேஜை விட்டுவிட்டால் முப்பது பேருக்குச் சமையல் யார் தலையில் விழும் என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். நியாயமான பயம். நம் ஆட்கள் சுற்றுலா போனால் பெண்கள் சமையலறையை மட்டும்தான் மாற்றிக்கொள்கிறார்கள், வேலையை அல்ல. அதனால் இதைக் கறாராகவே சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் அடுப்பு ஆண்கள் பொறுப்பு. கிளம்பும் முன்பே பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பார் வைக்கத் தெரியாதவர் கேப் டவுனிலேயே பழகிக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறது. தரையில் நேரடியாக அடுப்பு மூட்டக் கூடாது. கேஸ் அடுப்பு போதும்.

நாம் என்ன கொடுப்பது என்று அடுத்த கேள்வி வரும். பெரிய உருவம் கட்ட நமக்கு இந்த ஆண்டு நேரமில்லை, அனுபவமும் இல்லை. எனக்கு ஒரு யோசனை. எரியும் இரவுகளில் வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள், விடியற்காலை சாம்பல் சலிக்கப் போகிறவர்கள், இரவெல்லாம் சுற்றிய ரேஞ்சர்கள், இவர்களுக்குச் சூடாக ரசம். நள்ளிரவுக்கு மேல் பாத்திரத்தை ஏற்றி, பொழுது விடியும்வரை ஊற்றலாம். மே மாதத்தில் டாங்க்வா இரவு சில நாள் உறைநிலையை எட்டிப் பார்க்கும். அந்தக் குளிரில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசத்தை ஒரு ஆஸ்திரேலியனோ டச்சு வம்சாவளிப் போயர் ஒருவரோ முதல் வாய் குடித்துவிட்டு முழிப்பதை நான் பார்க்க வேண்டும். காகிதக் கோப்பை வேண்டாம், அவரவர் கையில் ஒரு குவளை வைத்திருப்பார்கள், அதுதான் அந்த ஊர் வழக்கம். கறிவேப்பிலையைத் துப்பிவிடாமல் வாங்கி வைக்க ஒரு டப்பா வேண்டும். சிரிக்காதீர்கள், அங்கே கறிவேப்பிலையும் குப்பைதான். ஊரில் ஒரு குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோன வெங்காயத் தோல்வரை திரும்ப வண்டியில் ஏற வேண்டும்.

அப்புறம் நான் உங்களிடம் உண்மையில் கேட்க வந்தது. முப்பது பேரில் உடம்பு ஒத்துழைக்கிற ஒவ்வொருவரும் ஒரு இரவு தீ வட்டத்தில் உட்காரப் பெயர் கொடுங்கள். யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கட்டாயம் என்றால் அது தன்னார்வமே இல்லை என்று அமைப்பில் பழையவர்கள் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் நண்பன் என்ற உரிமையில் கேட்கிறேன், அவ்வளவுதான். முன்னதாக விளக்கக் கூட்டம் நடக்கும், அதற்குப் போக வேண்டும். அன்றைக்குக் குடிக்கக் கூடாது. நைலான் சட்டை போடாதீர்கள், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்; பருத்தியும் கம்பளியும்தான் நல்லது. முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் வாசலில் வரவேற்கும் வேலைக்குப் போகலாம், அங்கே நாற்காலி உண்டு. ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குகிற அம்மா ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வந்திறங்குகிறவர்களை அங்கே கட்டிப்பிடித்து வரவேற்பார்கள். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். அம்மாவுக்குக் கட்டிப்பிடிப்பது சங்கடம் என்றால் வணக்கம் போடட்டும்.

குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டவருக்கு: வரலாம், பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் துணியே இல்லாமல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிற பெரியவர்களையும் அவர்கள் பார்ப்பார்கள். அதற்கு வீட்டிலேயே பேசித் தயார் செய்துவிட்டு வாருங்கள். அங்கே வந்து கண்ணைப் பொத்தினால் பிள்ளை விரலிடுக்கில் பார்க்கும். கழிப்பறை உண்டு, தண்ணீர்க் குழாய் கிடையாது. நம் சொம்புக் கவலையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள், நான் அதற்குள் போகவில்லை.

சாலையைப் பற்றி மட்டும் விளையாட்டாக இருந்துவிடாதீர்கள். சீரிஸைத் தாண்டியதும் ஆர்355 என்ற சரளைச் சாலை பிடிக்கும். அங்கிருந்து கால்வினியாவரை சுமார் 250 கிலோமீட்டருக்கு நடுவில் ஓர் ஊர் கிடையாது. நாம் பாதி தூரத்தில் விழா நடக்கும் பண்ணைப் பக்கம் பிரிந்துவிடுவோம், ஆனாலும் அந்தப் பாதியே போதும். சாலையில் கிடப்பது உருண்டைக் கல் இல்லை, தட்டைத் தட்டையாக உடைந்த களிப்பாறை, ஒவ்வொன்றும் கத்தி. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, அறுபதுக்கு மேல் போகாமல், முன்னால் போகிற வண்டியின் தூசி அடங்கும்வரை இடைவெளி விட்டு ஓட்டுங்கள். முந்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. போன் சிக்னல் கிடைக்காது. பெட்ரோலைச் சீரிஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டாளருக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று தெரிகிறது. கட்டாதீர்கள். அந்தக் காசில் பாதியில் நமக்கு வேண்டிய கூடாரங்களும் தண்ணீர் டிரம்களும் வாடகைக்கு வந்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு, ரசத்துக்குத் தனியாக. வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி, ஜாக்கி, அதைத் தரையில் அமிழாமல் நிறுத்த ஒரு பலகை. ஜெனரேட்டர் வேண்டாம், இரவில் அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் நம்மைச் சபிப்பார். சூரிய ஒளி விளக்கு ஆளுக்கு ஒன்று போதும். பெரிய பாத்திரம் இரண்டு என்னிடம் இருக்கிறது. ரசப்பொடி நான் அரைத்துக்கொண்டு வருகிறேன். புளி, பெருங்காயம் ஜோகன்னஸ்பர்க் ஆட்கள் பொறுப்பு, ஃபோர்ட்ஸ்பர்க் கடைகளில் நல்லதாகக் கிடைக்கும். தீ வட்டத்துக்கு யார் யார், எந்த இரவு என்று வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரை அனுப்புங்கள். காந்தப் பட்டை இழுக்க மூன்று பேர் இருந்தால் போதும், அதில் ஓர் இடம் எனக்கு.

அன்புடன்,
கேப் டவுனிலிருந்து உங்கள் நண்பன்